வரிச்சலுகையை மனித உரிமையோடு முடிச்சுப் போட்ட சட்டங்கள்: எங்கே பிடித்தது, எங்கே அவிழ்ந்தது?

மருதநிலவன்:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர், "வெளிநாட்டுச் சட்டத்தால் எந்த அரசும் திருந்தியதாக வரலாறே இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். தடை என்றால், உன் சரக்கே என் துறைமுகத்துக்கு வரக் கூடாது. சலுகை நிறுத்தம் அப்படி இல்லை. சரக்கு வரட்டும், ஆனால் குறைந்த வரி உனக்குக் கிடையாது. நான் பேச நினைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றி.

இதன் மூலக்கதை சோவியத் யூனியனில் தொடங்குகிறது. 1972 ஆகஸ்டில் மாஸ்கோ ஒரு வரி போட்டது. நாட்டை விட்டுக் குடிபெயர விரும்பும் படித்தவர்கள், அரசு தங்கள் படிப்புக்குச் செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். பட்டம் உயர உயரத் தொகையும் உயரும். பலருக்கு அது பல வருடச் சம்பளம். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் யூதர்கள். விண்ணப்பம் கொடுத்ததற்காகவே வேலையை இழந்தவர்கள் ஏராளம். இதைப் பார்த்துத்தான் அமெரிக்க செனட்டர் ஹென்றி ஜாக்சனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சார்லஸ் வானிக்கும் 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் 402ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஜாக்சன்-வானிக் திருத்தம் என்பது இதுதான். 1975 ஜனவரி 3 அன்று அதிபர் ஃபோர்டு அதில் கையெழுத்திட்டார். குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாடுகளுக்குச் சாதாரண வரிவிகிதம் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது. அதிபர் விலக்கு அளிக்கலாம். ஆனால் அதை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து காங்கிரசின் முன் வைக்க வேண்டும்.

அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கருக்கு இது பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் பேசினால் அதிகம் பேரை வெளியே கொண்டுவரலாம் என்பது அவர் வாதம். எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. 1973இல் சுமார் 35,000 யூதர்கள் வெளியேறினார்கள். சட்டம் வந்த 1975இல் அது ஏறத்தாழ 13,000 ஆகச் சரிந்தது. மாஸ்கோ வர்த்தக ஒப்பந்தத்தையே தூக்கி எறிந்தது. 1979இல் 51,000 வரை ஏறியது. 1984இல் ஆயிரத்துக்கும் கீழே போனது. சட்டம் அப்படியே இருந்தது, எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்கியது. ஆகவே சட்டம் போட்டதும் கதவு திறந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ருமேனியாவைப் பாருங்கள். 1975இல் விலக்கு பெற்றது. ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க காங்கிரசில் விசாரணை நடக்கும். விசாரணை நெருங்கும்போது புக்காரெஸ்டில் தேங்கிக் கிடந்த குடிபெயர்வு விண்ணப்பங்கள் நகர ஆரம்பிக்கும். 1982 கடைசியில் சௌசெஸ்கு அரசும் சோவியத் பாணியில் படிப்பு வரி போட்டது. சலுகையை நிறுத்தப் போவதாக அமெரிக்க அதிபர் ரீகன் 1983இல் அறிவித்தார். சில மாதங்களில் ருமேனியா அந்த வரியைக் கைவிட்டது. கேட்டது ஒன்றே ஒன்று. நாள் குறித்துக் கேட்டார்கள். நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

என் வாதம் இதுதான். இந்த வகைச் சட்டம் பலிக்கும் இடம் உண்டு. கேட்பது எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும், கேட்டது நடக்கும்வரை சலுகையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஏற்றுமதி மேசை:

நல்ல இழை. நான் பதினெட்டு வருடமாக ஆடை ஏற்றுமதியில் விலைப்புள்ளி போடும் வேலையில் இருக்கிறேன். மேலே சொன்னதில் எங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்பதைச் சேர்க்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண வரி 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான பொது முன்னுரிமைத் திட்டத்தில் (ஜி.எஸ்.பி.) இருந்தால் 9.6. ஜி.எஸ்.பி. பிளஸ் இருந்தால் பூஜ்யம். இந்த 9.6ஐக் காகிதத்தில் கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் அதைத் தன் கையிலிருந்து கொடுக்க மாட்டார். அடுத்த சீசன் விலை பேசும்போது, "உங்கள் நாட்டுக்கு வரி வந்துவிட்டது, விலையில் குறையுங்கள்" என்பார். துணி விலை குறையாது, நூல் விலை குறையாது, கப்பல் கூலி குறையாது. குறைக்க முடிவது தையல் கூலி ஒன்றுதான். ஓவர்டைம், வருகைக்கான ஊக்கத்தொகை, டார்கெட் போனஸ் என்று ஒவ்வொன்றாகக் கழியும். அமைச்சர் வீட்டில் ஒரு விளக்குகூட அணையாது.

இன்னொன்று. ஆர்டர் போனால் திரும்ப வருவது கஷ்டம். பையர் வேறு நாட்டில் சாம்பிள் போட்டு, ஆய்வு முடித்து, பழகிவிட்டால், சலுகை திரும்பக் கிடைத்த பிறகும் உடனே திரும்ப மாட்டார். அரசுக்குத் தண்டனை இரண்டு வருடம் என்றால் சின்னத் தொழிற்சாலைக்கு அது ஆயுள் தண்டனை. பெரிய நிறுவனங்கள் தாங்கும். சின்னது தாங்காது.

சட்டமாணவி:

ஜி.எஸ்.பி. பிளஸ் எப்படிப் பிறந்தது என்பதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஐரோப்பா முன்பு போதைப்பொருளை எதிர்க்கும் நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்து 12 நாடுகளுக்குக் கூடுதல் சலுகை கொடுத்தது. அதில் பாகிஸ்தான் இருந்தது. இந்தியா 2002இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. எல்லா வளரும் நாடுகளையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்பது வாதம். 2004 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது: நாடுகளுக்கு இடையே வேறுபாடு காட்டலாம், ஆனால் அது உண்மையான வளர்ச்சித் தேவையை ஒட்டி, அதே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் திறந்த அளவுகோலாக இருக்க வேண்டும். மூடிய பட்டியல் செல்லாது.

அதற்குப் பிறகுதான் 2005இல் ஜி.எஸ்.பி. பிளஸ் வந்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தும், பொருளாதாரத்தில் எளிதில் ஆட்டம் காணக்கூடிய நாடுகள் விண்ணப்பிக்கலாம். கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, நடைமுறையும் வேண்டும். நான் இதைப் படித்தபோது மிகவும் ஈர்க்கப்பட்டேன். அந்த உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டது அந்தந்த நாடுதான். ஐரோப்பா புதிதாக எதையும் எழுதித் தரவில்லை.

குறுக்குச்சால்:

கையெழுத்துப் போட்டது நாடு, சரி. மதிப்பெண் போடுவது யார்? காலனி வைத்திருந்தவர்கள் நமக்கு மனித உரிமை மதிப்பெண் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கா 2019 ஜூன் 5 அன்று இந்தியாவின் ஜி.எஸ்.பி. சலுகையை எடுத்தது. காரணம் மனித உரிமையா? இல்லை. இந்தியச் சந்தையை அவர்களுக்குப் போதிய அளவு திறக்கவில்லை என்பது. அதே சாட்டைதான். ஒரு நாள் உரிமைக்கு, மறுநாள் தங்கள் சரக்குக்கு. சாட்டை யார் கையில் இருக்கிறது என்பதைப் பேசாமல் அது நல்லதா கெட்டதா என்று பேசிப் பயனில்லை.

பழைய வாசகர்:

குறுக்குச்சால் சொல்வதில் வலு இருக்கிறது. சீனா விஷயத்தை நான் அப்போதே பத்திரிகைகளில் தொடர்ந்து படித்தவன். இன்னும் மனசு ஆறவில்லை.

1989 தியனன்மென் படுகொலைக்குப் பிறகு, ஒவ்வொரு வருடமும் சீனாவின் வரிநிலையைப் புதுப்பிக்கும்போது அமெரிக்க காங்கிரசில் சண்டை நடக்கும். நிபந்தனை போட்ட மசோதாக்களை 1992இல் மூத்த புஷ் தன் வீட்டோவால் தடுத்தார். அடுத்து வந்த கிளின்டன் 1993 மே 28 அன்று ஒரு நிர்வாக ஆணை போட்டார். ஒரு வருடத்துக்குள் மனித உரிமையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் 1994இல் புதுப்பிக்க மாட்டேன் என்று. அந்த வருடம் முழுக்க நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். 1994 மே 26 அன்று, போதிய முன்னேற்றம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டபடியே வர்த்தகத்தையும் மனித உரிமையையும் பிரித்துவிட்டார். 2000இல் பிரதிநிதிகள் சபை 237க்கு 197 என்ற வாக்கில் நிரந்தரமாகவே கொடுத்தது. சிறையில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

இன்னொரு ஜோடி சொல்கிறேன். கம்போடியாவில் 2017இல் எதிர்க்கட்சித் தலைவர் கெம் சொகாவைக் கைது செய்தார்கள், கட்சியையே கலைத்தார்கள். ஐரோப்பா 2020 ஆகஸ்ட் 12 முதல் கம்போடியாவின் சலுகையில் ஒரு பகுதியை, அதாவது அங்கிருந்து வரும் ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு உரியதை, நிறுத்தியது. நல்லது. அதே ஆகஸ்ட் 1 அன்று வியட்நாமுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. வியட்நாமில் கலைப்பதற்கு எதிர்க்கட்சி என்று ஒன்று இருக்கவே அனுமதி இல்லை. பதினோரு நாள் இடைவெளி.

வன்னிமகள்:

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சீனா, ருமேனியா எல்லாம் எனக்குப் புத்தகத்தில் உள்ளவை. ஜீ.எஸ்.பி. பிளஸ் எங்கள் வீட்டுக்குள் உள்ளது.

தெரியாதவர்களுக்காக: இலங்கைக்கு 2005இல் இந்தச் சலுகை கிடைத்தது. சிவில் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்றையும் நடைமுறைப்படுத்துவதில் பாரிய குறைபாடுகள் உள்ளன என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாரணை கண்டது. 2010 ஆகஸ்ட் 15 அன்று சலுகை நின்றது. அரசாங்கம் கேட்டவற்றைச் செய்யவில்லை. இறைமையில் தலையிடுகிறார்கள் என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். தெற்கில் அவர்களுக்கு அது வாக்காகவும் மாறியது.

யார் அனுபவித்தது? கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்த பெண்பிள்ளைகள். பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் அந்த அரசாங்கம் நல்லதாக இருக்கவில்லை. 2011 மே மாதம் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அவர்கள் இறங்கியபோது பொலிஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். எங்கள் உரிமைக்காக நிறுத்திய சலுகை, அதே அரசாங்கத்திடம் அடி வாங்கிய இன்னொரு ஏழையின் சம்பளத்தில் கைவைத்தது. இதை நான் மறைக்க மாட்டேன்.

போருக்குப் பிறகு வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. என் சித்தியின் மகள் அப்படி ஒன்றில் மெஷின் ஓட்டுகிறாள். தகப்பன் இல்லை. தமையன் 2009 மே மாதம் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன், இன்றுவரை தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். சித்தி முதல் வாரத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டா. காலையில் மகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவாள், தாய் மகனின் படத்தோடு கொட்டகைக்குப் போவா. 2017 மே 19 அன்று சலுகை இலங்கைக்குத் திரும்பக் கிடைத்தது. வீட்டில் ஒருத்திக்கு அது நல்ல செய்தி. மற்றவளுக்கு, தன் பிள்ளையைக் கேட்கக் கூடிய ஒரே பெரிய கையும் விலகிப் போன செய்தி. 2009இல் போர் முடிந்த மே 19 எங்களுக்கு என்ன நாள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசெல்ஸில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

மருதநிலவன்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எதுவும் எழுத முடியவில்லை. என் முதல் பதிவில் ஏற்றுமதி மேசை சொன்னதற்கும் நீங்கள் சொன்னதற்கும் இடமே வைக்கவில்லை. எண்ணக்கூடிய கோரிக்கை, தேதி என்று கணக்குப் போட்டேன். கணக்கில் அந்த பஸ் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 2017இல் திருப்பிக் கொடுத்தபோது அரசு எதைச் செய்து முடித்திருந்தது?

வன்னிமகள்:

செய்தது சில இருக்கின்றன. 2015இல் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த, அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் வந்தது. 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. சுமுகமாகப் பேசக்கூடிய அரசாங்கம் என்ற நம்பிக்கை வெளியே இருந்தது.

செய்யாதது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் 16ஆம் பிரிவுப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அடித்து வாங்கிய வாக்குமூலம் என்பதை நிரூபிக்க வேண்டியது அடி வாங்கியவன். அதை நீக்கி சர்வதேசத் தரத்தில் புதுச்சட்டம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார்கள். வாக்கை நம்பிச் சலுகையைக் கொடுத்தார்கள். நீங்கள் எழுதிய "கேட்டது நடக்கும்வரை திருப்பிக் கொடுக்கக் கூடாது" என்ற வரி எனக்கு இந்த இடத்தில்தான் குத்தியது.

2021 ஜூன் 10 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 628 வாக்குகளோடு தீர்மானம் போட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லியும், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராயச் சொல்லியும். அதற்குப் பிறகுதான் கொழும்பு அசைந்தது. 2022 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்கக் கூடிய காலம் 18 மாதத்தில் இருந்து 12 மாதமாகக் குறைந்தது. 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது.

அந்தத் தீர்மானம் வந்த கிழமை என் தங்கச்சியின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டி, "வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஆட்கள்தான் உங்கள் சோற்றில் மண் போடுகிறார்கள்" என்று சொன்னாராம். அவள் அதை எனக்கு போனில் சொல்லிவிட்டு, "அக்கா, நீங்களுமா கேட்டனீங்கள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணாவுக்காகவா?" என்றாள். அதற்கும் ஓம் என்றேன்.

குறுக்குச்சால்:

வன்னிமகள், என் பதிவு உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனாலும் கேட்கிறேன், கோபத்தில் இல்லை. நாட்டுக்கே தண்டனை கொடுப்பதற்குப் பதில் குற்றம் செய்தவனைப் பிடிக்கும் சட்டம் இருக்கிறதே. 2012இல் ஜாக்சன்-வானிக் திருத்தத்தை ரஷ்யாவுக்கு நீக்கியபோது, அதே மசோதாவில் மாக்னிட்ஸ்கி சட்டத்தைச் சேர்த்தார்கள். மாஸ்கோ சிறையில் 2009இல் இறந்த செர்கெய் மாக்னிட்ஸ்கியின் பெயரில். சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு விசா இல்லை, அமெரிக்காவில் சொத்து முடக்கம். தையல்காரப் பெண்ணுக்கு அதில் ஒரு பாதிப்பும் இல்லை. அது போதாதா?

வன்னிமகள்:

மன்னிப்பு எதற்கு, தம்பி. நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2020 பெப்ரவரியில் அமெரிக்கா எங்கள் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு நுழைவுத் தடை போட்டது. எங்களுக்கு அது பெரிய ஆறுதல், ஒரு அரசாங்கமாவது பெயர் சொல்லிக் கூறியதே என்று. ஆனால் அவர் பதவியில் தொடர்ந்தார். தனியாள் தடையால் ஒரு சட்டப்பிரிவை நீக்க முடியாது. 16ஆம் பிரிவுக்கு விசா தேவையில்லை.

காலனி வைத்திருந்தவன் கேட்கலாமா என்று முன்பு கேட்டீர்கள். நாங்கள் எங்கள் நீதிமன்றத்திடம் கேட்டோம், ஆணைக்குழுக்களிடம் கேட்டோம், ஜனாதிபதிகளிடம் நேரில் கேட்டோம். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் கடல் தாண்டிக் கேட்கிறோம்?

பழைய வாசகர்:

சோவியத் விஞ்ஞானியும் மனித உரிமைப் போராளியுமான சகாரோவ் நினைவுக்கு வருகிறார். 1973 செப்டம்பரில், ஜாக்சன் திருத்தத்தை நிறைவேற்றுங்கள் என்று அமெரிக்க காங்கிரசுக்கு மாஸ்கோவில் இருந்தபடியே திறந்த கடிதம் எழுதினார். சோவியத் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. உள்ளே இருப்பவர் கேட்பதற்கும் வெளியே இருப்பவர் அவர் பெயரால் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தான், தடை போடச் சொல்லி உள்ளிருந்தே குரல் வந்தது. அதற்கெல்லாம் முன்னால், 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்திய நாடு இந்தியா. இன்னும் சுதந்திரம்கூட வரவில்லை அப்போது. குறுக்குச்சால், இது உங்களுக்காக.

அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டு நிறவெறி எதிர்ப்புச் சட்டம் சலுகை நிறுத்தம் அல்ல, தடைதான். மருதநிலவன் பிரித்துக் காட்டியது சரி. ஆனால் அது எழுதப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். ரீகனின் வீட்டோவை மீறி நிறைவேறிய சட்டம் அது. எப்போது தடையை விலக்கலாம் என்பதை அதிலேயே எழுதிவைத்தார்கள்: மண்டேலாவையும் அரசியல் கைதிகளையும் விடுவிக்க வேண்டும், அவசரநிலையை நீக்க வேண்டும், கட்சிகள் மீதான தடையை எடுக்க வேண்டும், இனவாரியாக வசிப்பிடம் ஒதுக்கிய சட்டத்தையும் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டத்தையும் ரத்து செய்ய வேண்டும், பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும். 1991 ஜூலையில் இவை நிறைவேறின என்று சொல்லித்தான் விலக்கினார்கள். முழுமையாக நிறைவேறினவா என்று அப்போதும் சண்டை நடந்தது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜி.எஸ்.பி. பிளஸ்ஸில் 27 உடன்படிக்கை இருப்பதுதான் அதன் பலவீனம் என்று எனக்குப் படுகிறது. இருபத்தேழிலும் ஏதோ ஒன்றில் முன்னேற்றம் காட்ட எந்த அரசாலும் முடியும்.

சட்டமாணவி:

பிரிட்டன் இன்னொரு பக்கம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு 2023இல் சொந்தத் திட்டம் கொண்டுவந்தது. கூடுதல் சலுகை பெற உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும் என்ற நுழைவு நிபந்தனையையே எடுத்துவிட்டது. கடுமையான மீறல் நடந்தால் நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. இருபத்தேழு அதிகம் என்றால் குறைத்துக் கூர்மையாக்கலாம். நிபந்தனையையே எடுத்தால் என்ன மிஞ்சும்?

தொழிற்சங்கத் தோழி:

தாமதமாக வருகிறேன். நாட்டை விட்டுத் தொழிற்சாலை மட்டத்துக்கு இறங்கினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும் என்று என் அனுபவம் சொல்கிறது.

அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு வரிச்சட்டத்தின் 307ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கட்டாய உழைப்பால் செய்த சரக்கு உள்ளே வரக் கூடாது. உள்நாட்டில் போதிய உற்பத்தி இல்லாத பொருளுக்கு விலக்கு என்று ஒரு ஓட்டை இருந்ததால் பல காலம் தூங்கிக் கிடந்தது. 2016இல் ஓட்டையை அடைத்தார்கள். சீனாவின் சின்ஜியாங்கில் இருந்து வரும் எந்தச் சரக்கும் கட்டாய உழைப்பில் செய்தது என்றே கருதப்படும், இல்லை என்று இறக்குமதி செய்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற உய்குர் சட்டம் 2022 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது.

அந்த 307 திண்டுக்கல்லுக்கும் வந்தது. 2021 தொடக்கத்தில் அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். அதன் பிறகு பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டது. பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் தடுக்க, உற்பத்தித் தளத்திலேயே சங்கம் தேர்ந்தெடுத்த பெண்கள் கண்காணிப்பார்கள். ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியது. செப்டம்பரில் தடை விலகியது. ஒப்பந்தத்தின்படி நடந்த திருத்தங்களைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். கதவைத் திறக்கும் சாவியில் ஒரு பாதி தொழிலாளிகளின் கையில் இருந்தது. வேலையும் போகவில்லை.

ஏற்றுமதி மேசை:

இது எங்கள் பக்கத்தில் உண்மையாகவே வேலை செய்யும். ஒரு ஆலையின் கன்டெய்னர் நின்றால் பத்து ஆலை முதலாளி அன்றிரவு தூங்க மாட்டார். நாட்டுக்கே வரி வந்தால் எல்லோரும் சேர்ந்து அமைச்சரைப் பார்க்கப் போவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் வன்னிமகள் கேட்பது ஆலைக்குள் நடந்த குற்றம் இல்லையே. அது அரசின் சட்டம், இராணுவம், போலீஸ் லாக்கப். அதற்கு ஆலைக் கதவை அடைத்தால் பொருந்தாது.

தொழிற்சங்கத் தோழி:

ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு நாட்டின் கையைத்தான் பிடிக்க வேண்டும்.

மருதநிலவன்:

அப்படியானால் முதல் பதிவில் சொன்னதை நான் திருத்திக்கொள்கிறேன். "திருப்பிக் கொடுக்கக் கூடாது" என்று எழுதினேன். வன்னிமகள் சொன்னதைப் பார்த்தால் எடுப்பதற்கு முந்தைய மாதங்கள்தான் விலை மதிப்புள்ளவை. 2010இல் எடுத்த பிறகு ஏழு வருடம் பிரசெல்ஸ் கையில் ஒன்றும் இல்லை. 2021இல் எடுக்கவில்லை, எடுப்போம் என்றார்கள். பன்னிரண்டு மாதத் திருத்தமாவது வந்தது. ருமேனியாவிலும் எடுக்கும் முன்பேதான் படிப்பு வரி போனது. சலுகை தொடரட்டும், பஸ் ஓடட்டும். ஆனால் ஒவ்வொரு மதிப்பாய்விலும் இருபத்தேழைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், இந்த ஒரு பிரிவு, இந்தத் தேதி என்று கேட்க வேண்டும். தேதி தாண்டினால் கம்போடியாவில் போல ஒரு பகுதியை எடுக்கலாம். அந்தப் பகுதியையும் ஆடை தவிர்த்த பொருளில் இருந்து தொடங்கலாம்.

ஏற்றுமதி மேசை, இது நடைமுறையில் சாத்தியமா?

ஏற்றுமதி மேசை:

சாத்தியம். சலுகை பொருள்வாரியாகத்தான் இருக்கிறது. கம்போடியாவில் சில ஆடை வகைகள், காலணி, பயணப் பைகள், சர்க்கரை என்று தேர்ந்துதான் எடுத்தார்கள். முதலாளிக்கு அரசோடு நெருக்கம் அதிகம், தொழிலாளி எண்ணிக்கை குறைவு என்ற பொருளைத் தேட வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும்.

வன்னிமகள்:

ஐரோப்பிய ஆணைக்குழு 2020 நவம்பரில் இருந்து வர்த்தக முறைப்பாடுகளுக்கு ஒரு தனி வாசல் வைத்திருக்கிறது. ஜீ.எஸ்.பி. மீறல்களையும் அதில் கொடுக்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் அமைப்பு வழியாக அனுப்புவது நேர்வழி. நான் இருக்கும் நகரத்தில் எங்கள் சங்கம் ஒன்று பதிவில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன்.

பொருள் பட்டியலை ஏற்றுமதி மேசை அண்ணா பார்க்க முடியுமா? சட்டமாணவி, 16ஆம் பிரிவையும் சிவில் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது.

தங்கச்சியிடமும் கேட்டேன். ஆடையை முதலில் தொடாமல் கேட்கப் போகிறோம் என்று சொன்னேன். "அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்" என்றாள். அதனால் முதல் வரைவு தமிழில் இருக்கட்டும். பிறகு மொழிபெயர்ப்போம்.

சட்டமாணவி:

ஞாயிற்றுக்கிழமைக்குள் தருகிறேன், அக்கா.